‘குடும்பத் தகராறு’ என்று எழுதப்படும் மரணங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் வேலி எல்லைக்காக அயலார் இருவர் அடிபட்டால் அது காணித் தகராறு. வாய்க்காலை மறித்ததற்காக ஒருவர் மண்வெட்டி ஓங்கினால் அது தண்ணீர்த் தகராறு. பல வருடங்களாக அடிவாங்கிய பெண் ஒருத்தி ஒருநாள் கணவனின் கையால் இறந்துபோனால் அதற்கும் இதே சொல்தான்: குடும்பத் தகராறு. பொலிஸ் குறிப்பிலும் பத்திரிகைச் செய்தியிலும் செத்தவீட்டுப் பந்தலின் கீழ் நடக்கும் பேச்சிலும் இந்தச் சொல் மாறாமல் வருகிறது. தகராறு என்றால் இரண்டு பக்கம் வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் ஏதோ ஒரு பலம் வேண்டும். இறந்தவளையும் வழக்கில் ஒரு கட்சிக்காரியாக்கி, பழியில் பாதியை அவள் தலையிலும் வைத்துவிடுகிறது இந்தச் சொல்.

2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தவராலோ கொல்லப்பட்டார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. வேண்டுமென்றே கொல்லப்பட்ட பெண்களில் பத்தில் ஆறு பேர் இப்படி வீட்டாரின் கையால் இறந்தவர்கள். இலங்கையின் தொகைமதிப்புப் புள்ளிவிபரவியல் திணைக்களம் 2019 இல் நாடு முழுவதும் பெண்களிடம் நடத்திய ஆய்வில், துணைவரோடு வாழ்ந்த அல்லது வாழும் பெண்களில் 20.4 வீதமானோர் அத்துணைவரிடம் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருந்தார்கள். ஐந்து பேரில் ஒருவர். ஆகவே இது வன்னிக்கு மட்டும் உரிய நோயல்ல. ஆனால் ஆயுதம் ஏந்தியவர்களின் வீடுகளில் இந்த வன்முறை மறைந்துகொள்ளும் விதம் வேறு. வன்னியில் அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

‘படைக் குடும்பம்’ என்றால் இங்கே யார்? தெற்கில் இந்தக் கேள்விக்கு இலகுவான பதில் உண்டு. போர்வீரரின் குடும்பத்துக்கு ‘ரணவிரு’ என்ற அடைமொழி உண்டு, 1999 இல் சட்டம் இயற்றி அமைத்த ரணவிரு சேவை அதிகாரசபை உண்டு, ஓய்வூதியம் உண்டு. விடுதலைப் புலிகளின் காலத்து வன்னியிலும் ‘மாவீரர் குடும்பம்’, ‘போராளி குடும்பம்’ என்ற பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களுக்கு மதிப்பும் சலுகையும் இருந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பிறகு அவை ஒரே இரவில் ஆபத்தான பெயர்களாகின. சரணடைந்தும் பிடிபட்டும் தடுப்புக்குப் போனவர்களில் 12,000 பேர் அளவில் ‘புனர்வாழ்வு’ பெற்றவர்களாக விடுவிக்கப்பட்டார்கள்; அவர்களில் 2,000 பேருக்கு மேல் பெண்கள். பின்னர் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழரைப் பண்ணை வேலைக்கும் முன்பள்ளி ஆசிரியைகளாகவும் சேர்த்தது. முன்னாள் போராளிகள் பலர் அதில் சேர்ந்தார்கள். ஒரு படையின் நினைவும் இன்னொரு படையின் சம்பளமும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த வீடுகள் இவை.

இரண்டு படைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆனால் மனைவிக்கு இரண்டும் கொடுத்த வேலை ஒன்றுதான்: அவனுடைய பெயரைக் காப்பது. நாட்டுக்காக, இனத்துக்காக இரத்தம் சிந்தியவன் வீட்டில் கை ஓங்குகிறான் என்று சொல்பவள், அவனை மட்டுமன்றி அவன் நின்ற பக்கத்தையே சிறுமைப்படுத்துகிறாள் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். வன்முறையைவிட இந்த மௌனத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்பது என் எண்ணம். அடி எல்லா ஊரிலும் விழுகிறது. அது கொலைவரை போக வழிவிடுவது மௌனம்.

இந்த வீடுகளில் பல எப்படி உருவாயின என்பதைப் பார்க்காமல் மேலே போக முடியாது. 2006 இல் போர் மீண்டும் மூண்டபின் வீட்டுக்கு ஒருவர் என்ற புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு வன்னியில் இறுகியது. 2008 இல் வயதும் தொகையும் எல்லை மீறின. ‘பிள்ளைபிடி’ என்று சனம் சொன்ன அந்த நாட்களில், கலியாணம் கட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கையில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கையில் அகப்பட்ட பொடியனுக்குக் கட்டிவைத்தார்கள் பெற்றோர். சாதகம் பார்க்க நேரமிருக்கவில்லை, குணம் பார்க்கவும் நேரமிருக்கவில்லை. பதிவுத் திருமணம் நடக்காதவை அநேகம். பதுங்குகுழிக்குள் குடும்பம் தொடங்கி, மாத்தளன் வரை இடம்பெயர்ந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரத்தில் முதல் பிள்ளைக்குப் பால் கொடுத்த பெண்கள் அவர்கள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் தாய் தகப்பன் அப்படிச் செய்தார்கள்; அவர்களைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் பயத்தில் முடிச்சுப்போட்ட அந்தத் தாலிகள் பலவற்றின் கணக்கு, பயம் நீங்கிய பின்னர் வீட்டுக்குள்ளே தீர்க்கப்பட்டது.

பிறகு அவன் தடுப்பிலிருந்து திரும்பி வருகிறான். முதுகிலோ தலையிலோ எடுக்க முடியாத செல் துண்டு இருக்கிறது. வெயிலில் நின்றால் தலை வெடிக்கும். கூலி வேலைக்குப் போனால் அரைநாளுக்கு மேல் குனிய முடியாது. எதிர்ப்பக்கத்தில் கால் இழந்த சிப்பாய்க்கு மாதாமாதம் பணம் வருகிறது, இவனுக்கு எதுவுமில்லை. புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்து போகிறார்கள், முகாமுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள், எங்கே போனாய், யார் வந்தது என்று மனைவியிடமும் விசாரிக்கிறார்கள். புலிகள் இயக்கத்தின் காலத்தில் கட்டுப்பாட்டில் இருந்த மதுவுக்குப் போருக்குப் பின் சந்திக்குச் சந்தி கடை திறந்தது. காட்டோரத்தில் கசிப்பும் வந்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கின் கூட்டு உளக்காயத்தைப் பற்றி நீண்ட காலமாக எழுதிவருபவர். குடி, குடும்ப வன்முறை, தற்கொலை ஆகியவற்றைத் தனிமனித நோயாக மட்டும் பாராமல், குடும்பமும் ஊரும் சிதைந்ததன் அடையாளங்களாக அவர் பார்த்தார். கிளவ்டியா கத்தானியும் சகாக்களும் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே வந்தது: போரை அதிகம் கண்ட பிள்ளைகளும் தகப்பன் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகளும் வீட்டுக்குள்ளும் கூடுதலாக அடிவாங்கியிருந்தார்கள்.

இந்த விளக்கங்கள் மெய்யானவை. ஆயினும் ஓரிடத்தில் நான் நிற்கிறேன். முகாம் வாசலில் அவமானப்படுத்தப்பட்டவன் அங்கே கை ஓங்குவதில்லை. வட்டிக்குக் கொடுத்தவனின் முகத்தில் அறைவதில்லை. கசிப்புக் குடித்தாலும் பொலிஸ் ஜீப்பைக் கண்டால் நிதானம் வந்துவிடுகிறது. கைக்குக் கட்டுப்பாடு இருக்கிறது; வீட்டு வாசலைத் தாண்டியபின் அந்தக் கட்டுப்பாட்டைக் கழற்றி வைக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உளக்காயம் அவன் ஏன் தூங்குவதில்லை என்பதைச் சொல்லும்; ஏன் அவளை அடிக்கிறான் என்பதை முழுதாகச் சொல்லாது. அதே காயங்களோடு, அதே வறுமையில், மனைவியின் மேல் ஒருநாளும் விரல் வைக்காத முன்னாள் போராளிகள் வன்னியில் நிறையப் பேர். ‘போர் அவனை இப்படி ஆக்கிவிட்டது’ என்ற வாக்கியம் அந்த மனிதர்களுக்கும் அநீதி செய்கிறது.

இதைவிடக் கடினமானது முன்னாள் பெண் போராளிகளின் நிலை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஆயுதப்பயிற்சி பெற்று, படையணிகளை நடத்தி, காடும் கடலும் கண்டவர்கள். அடி வாங்கியபின் திருப்பி அடிக்க அவர்களுக்கு நிச்சயம் தெரியும். ஆனால் வீட்டுக்குள் அவர்கள் மேல் விழும் முதல் ஆயுதம் வார்த்தை: ‘இயக்கத்தில இருந்தவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியுமோ’, ‘தடுப்பில ஆமியோட என்ன நடந்தது’. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் நம்பமாட்டார்கள், நடந்தது என்றால் வாழ விடமாட்டார்கள். கை இழந்தவர், கண் இழந்தவர், உடல் முழுக்கத் தழும்புள்ளவர் என்று கலியாணச் சந்தையில் தள்ளிவைக்கப்பட்டவர்கள் கிடைத்த துணையை எந்த விலை கொடுத்தும் இழக்க அஞ்சினார்கள். வல்லுறவுக்கு எதிரான இலங்கைச் சட்டமும் இங்கே கைவிடுகிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 363 ஆம் பிரிவு, நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து வாழும் தம்பதியரைத் தவிர, கணவன் மனைவியை வல்லுறவு செய்வதைக் குற்றமாக ஏற்பதில்லை.

‘அவங்கட காலத்தில அடிக்கப் பயந்தவங்கள்’ என்று புலிகளின் காலத்தைப் பற்றி வன்னிப் பெண்கள் சொல்வதுண்டு. 1990களின் தொடக்கத்தில் உருவான தமிழீழக் காவல்துறையிலும் நீதிமன்றங்களிலும், மகளிர் அமைப்பிடமும் ஒரு பெண் போய்ச் சொன்னால் கணவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், தண்டித்தார்கள். அந்த நினைவைப் பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் அது பெண்ணுக்கு இருந்த உரிமையால் வந்த பாதுகாப்பல்ல. துவக்கு வைத்திருந்தவர்களுக்கு ஆண்கள் பயந்ததால் வந்தது. அதே துவக்குத்தான் அவளுடைய பிள்ளையையும் பிடித்துக்கொண்டு போனது. துவக்கு இல்லாமற்போன நாளில் பயமும் போயிற்று, பின்னால் எதுவும் மிஞ்சவில்லை.

இலங்கை நாடாளுமன்றம் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது ஓமந்தைக்கு வடக்கே வேறொரு ஆட்சி நடந்துகொண்டிருந்தது. வவுனியா நகரத்துப் பெண்ணுக்கு அந்த வருடமே கிடைத்த சட்டம், கிளிநொச்சிப் பெண்ணுக்கு 2009 இன் பின்னர், இராணுவ வாகனங்களின் பின்னாலேதான் வந்து சேர்ந்தது. முகாம், சோதனைச்சாவடி, புலனாய்வு, பொலிஸ், நீதவான் எல்லாம் ஒரே கையின் விரல்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளைப் பிழை சொல்ல முடியாது.

புதுக்குடியிருப்புப் பக்கத்து உட்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் முறைப்பாடு கொடுக்கப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தாய் மறிப்பாள்: ‘நாலு சுவருக்குள்ள நடந்ததைத் தெருவுக்குக் கொண்டுபோறியோ.’ பிறகு மாமியார் வந்து, ‘அவன்ர தலைக்குள்ள பீஸ் இருக்குப் பிள்ளை, நீதான் பொறுத்துப் போகோணும்’ என்பாள். இவர்களைத் தாண்டி பஸ் ஏறிப் போனால் பொலிஸ் நிலையத்தில் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். வாக்குமூலம் அவளுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்படலாம். சிறுவர் பெண்கள் பணியகத்தில் தமிழ்ப் பெண் பொலிஸ் ஒருவர் கடமையில் இருந்தால் அது அவளுடைய அதிர்ஷ்டம்.

இதற்குள் அவளுடைய மனதில் வேறொரு கணக்கு ஓடுகிறது. அவன் புனர்வாழ்வு பெற்றவன். அவன் பெயர் பொலிஸ் புத்தகத்தில் ஏறினால் அது வீட்டு அடிபிடியோடு நிற்குமா? 2014 மார்ச்சில் கிளிநொச்சி தருமபுரத்தில் நடந்த சுற்றிவளைப்பும், அதைத் தொடர்ந்து பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நடந்த கைதுகளும் இந்தக் கிராமங்களுக்கு மறக்காது. அந்தச் சட்டம் ஒருவரை மாதக்கணக்கில் தடுத்துவைக்க இடம் கொடுப்பது. அடி நிற்க வேண்டும் என்றுதான் அவள் கேட்கப் போனாள். ஆளே காணாமற்போக வேண்டும் என்றல்ல. அவனும் அதை அறிந்திருக்கிறான்: ‘போ, போய்ச் சொல்லு. என்னைத் திரும்பப் பிடிச்சால் உன்ர பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது?’ இனத்தின் மேல் வைத்த ஒடுக்குமுறையைப் பெண்ணின் மேல் வைக்கும் ஆயுதமாக மாற்றிக்கொள்ளும் கேள்வி இது. சிவில் பாதுகாப்புத் திணைக்களச் சம்பளத்தில் ஓடும் வீடாக இருந்தால், வழக்கு வந்தால் வேலை போகும் என்ற பயமும் சேரும்.

இதே பயம் பூமியின் மறுபக்கத்திலும் ஆளைக் கொன்றிருக்கிறது. 2002 ஜூன், ஜூலை மாதங்களில் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள போர்ட் பிராக் படைத்தளத்தில் ஆறு கிழமைக்குள் நான்கு மனைவியர் படையினரான தம் கணவர்களால் கொல்லப்பட்டார்கள். கணவர்களில் மூவர் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவர்கள். இருவர் மனைவியைக் கொன்ற கையோடு தம்மையும் மாய்த்துக்கொண்டார்கள். பின்னர் அமெரிக்க இராணுவம் நடத்திய ஆய்வு, ஏற்கெனவே விரிசல் கண்டிருந்த மணவாழ்வையும் போர்க்களப் பணியின் நெருக்கடியையும் காரணம் காட்டியது. உதவி கேட்டால் உத்தியோகம் பாழாகும் என்ற அச்சம் படையினர் நடுவே ஆழமாக இருப்பதையும் அது ஒப்புக்கொண்டது. உலகின் மிகப் பணக்காரப் படையின் வீட்டிலும் கசிப்பு வாசமடிக்கும் வன்னிக் குடிசையிலும் ஒரே பூட்டுத்தான் கதவில் தொங்குகிறது. ஒரு வித்தியாசம்: அங்கே நான்கு சாவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இங்கே ஒவ்வொரு சாவும் தனித் தகராறு.

பொலிஸ் நிலையத்துக்கே திரும்புவோம். அங்கே அவளுக்குக் கிடைப்பது அநேகமாகச் ‘சமாதானம்’. கணவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை ஏசி, இனி அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கி, இருவரையும் ஒரே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியம் என்று மனதார நம்பியே பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால் துணைவர் கொலைகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவில் பதினொரு நகரங்களின் கொலைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்த ஜக்குலின் காம்பெலும் சகாக்களும் கண்டது, ஒரு பெண் விலகத் துணியும் வேளைதான் அவளுக்கு உயிராபத்து மிகுந்த வேளைகளில் ஒன்று என்பது. அவள் பொலிஸ் படியேறிய அன்றைய இரவுதான் அது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள்: முன்பு ஒருமுறை கழுத்தை நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அதே ஆளால் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்கு அதிகம். கழுத்தில் நெரித்த தடம் பல நேரம் வெளியே தெரியாது. மருத்துவமனையில் ‘கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்’ என்று சொல்பவளின் கையிலுள்ள காயத்துக்கு மருந்து கட்டுவார்கள். கழுத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

2005 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. அடிபட்டவளோ அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீதவான் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து 14 நாட்களுக்குள் விசாரணைக்கு எடுக்கலாம். அதன்பின் 12 மாதம் வரைக்குமான பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். அடித்தவனை வீட்டுக்குள் வராதே என்று தடுக்கலாம். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். உடலை நோகடிப்பதோடு மனதை வதைப்பதையும் சட்டம் வன்முறையாகக் கொள்கிறது. பதிவு இல்லாமல் சேர்ந்து வாழும் துணைவனுக்கு எதிராகவும் கட்டளை பெறலாம். ‘எழுத்தில்லாத கலியாணம், எனக்கு என்ன சட்டம்’ என்று ஒதுங்கும் பெண்களிடம் இந்த ஒரு செய்தியைக் கிராம அலுவலரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் கொண்டுபோய்ச் சேர்த்தாலே பாதி வேலை. 2006 க்கும் 2009 க்கும் இடையில் அவசரமாகக் கட்டிவைக்கப்பட்டவர்களுக்கு இது பெரிய வாசல்.

ஆனால் கட்டளை கிடைத்தபின் அவள் எங்கே இருப்பாள்? காணி பெரும்பாலும் அரச அனுமதிப்பத்திரக் காணி. பேர்மிற் கணவன் பெயரில். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆணை முன்னிறுத்தியே நெடுங்காலம் இருந்தது. 2022 இல்தான் அதைத் திருத்தினார்கள். தாய்வழியாக அவளுக்கே வந்த சீதனக் காணியாக இருந்தாலும், தேசவழமைச் சட்டத்தின்படி கணவனின் சம்மதமின்றி விற்க முடியாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாய் போதாமல் கடன்பட்டுக் கட்டி முடித்த வீடு. அந்தக் கடன் நுண்கடன் நிறுவனத்தில் அவள் பெயரில். கடன் அவளுக்கு, காணி அவனுக்கு. இப்படிப் பங்கு பிரித்த வீட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு எழுந்து போவது, வெளியில் நின்று பார்ப்பவர் நினைப்பதுபோல் மனத்துணிவு மட்டும் சார்ந்த காரியமல்ல.

அரச படையினரின் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னியில் கடமையிலிருக்கும் சிப்பாயின் மனைவி அநுராதபுரத்திலோ குருநாகலிலோ இருக்கிறாள். லீவில் வருபவனின் கையில் அவளும் அடிவாங்குகிறாள் என்றால், அவளை ஊர் பொறுத்துப்போகச் சொல்லும் விதம் நமக்கு அந்நியமாக இராது. அங்கே ‘நாட்டைக் காத்தவர்’, இங்கே ‘மண்ணுக்காகப் போனவர்’. அந்தச் சிங்களப் பெண்ணும் இந்தத் தமிழ்ப் பெண்ணும் ஒருவரையொருவர் சந்திக்கப் போவதில்லை. சந்தித்தால் மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படாது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011 முதல், ஒருவர் துணைவராலோ குடும்பத்தவராலோ கொல்லப்பட்டால், சாவுக்கு முன்பு அவர் யார் யாரிடம் உதவி கேட்டார், எந்த வாசல் மூடப்பட்டது என்று சட்டப்படி மீளாய்வு செய்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்ற மூன்று மாவட்டங்களுக்கும் இப்படியொரு மீளாய்வைத் தொடங்கப் பெரிய நிதி வேண்டாம். பொலிஸ் நிலையத்தின் சமாதானப் பதிவு, அடிபட்ட பெண்களுக்கு உதவும் மருத்துவமனை நட்பு நிலையத்தின் குறிப்பு, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு வந்த அழைப்பு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை: இவற்றை ஒரு மேசையில் வைத்து வாசிக்க மனமிருந்தால் போதும். புலனாய்வுக்கு அந்த மேசையில் கதிரை இருக்கக்கூடாது. முன்னாள் போராளியின் மனைவி வீட்டு அடிபிடி பற்றிச் சொன்னது வேறெந்தக் கோப்புக்கும் போகாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும்.

மீளாய்வு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. முறைப்பாடு எழுதும் உத்தியோகத்தர் அவளுடைய மொழியில் நான்கு கேள்விகள் கேட்கலாம். விட்டுப் போனால் கொல்லுவன் என்று சொன்னவரா? கத்தி, கோடரி காட்டினவரா? போன மாதத்தைவிட இந்த மாதம் அடி கூடியிருக்கா? உங்கட கழுத்தில எப்பவாவது கை வைச்சவரா?